கைபேசிக் கட்டணப் பிழையும் அதனைக் கேட்கும் முறையும்

காஞ்சிப் பட்டுத் தறிக்கு இன்று நாடாவுக்கு அடுத்த கருவி கைபேசி என்று சொல்லுமளவுக்குக் காலம் மாறிவிட்டது. முந்தானையின் மாதிரிப் படம் வருவதும், பாவு வந்து சேர்ந்த செய்தி கிடைப்பதும், கூலி வங்கியில் வரவானதை அறிவதும் அதன் வழியேதான். பிள்ளையார்பாளையத்தில் மட்டுமன்று; ஐயம்பேட்டை, முத்தியால்பேட்டை கிராமங்களிலும் நிலைமை இதுவே. ஆகவே கைபேசிக் கணக்கில் நேரும் பிழை குடும்ப வரவு செலவில் நேரும் பிழையாகும்.

சென்ற ஆண்டு நெசவாளர் ஒருவர் வீட்டு வசதி மனு சம்பந்தமாக நம் அலுவலகத்திற்கு வந்தார். பேச்சினிடையே, தாம் முன்பணம் கட்டும் கைபேசி இருப்பில் ஐந்தும் பத்துமாகக் குறைந்துகொண்டே போவதாகச் சொன்னார். “பத்து ரூபாய்க்காக யாரோடு ஐயா வழக்காடுவது?” என்றும் கேட்டார். வாரம் 10 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 520 ரூபாய் என்று கணக்கிட்டுக் காட்டினோம். குறுஞ்செய்திகளைப் பார்த்ததில், அவர் கேட்டிராத பாட்டுச் சேவை ஒன்று அவர் பெயரில் நடந்து வருவது தெரிந்தது. செய்தி ஆங்கிலத்தில் இருந்தமையால் அவர் படிக்கவில்லை. உண்மையைச் சொன்னால், நமக்கு வரும் இத்தகைய செய்திகளை நாமும் படிப்பதில்லை.

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2013-ஆம் ஆண்டில் பிறப்பித்த உத்தரவுப்படி, இவ்வகைக் கூடுதல் சேவையைத் தொடங்குமுன் வாடிக்கையாளரின் சம்மதத்தை இருமுறை பெறவேண்டும். நிறுத்துவதற்கு 155223 என்னும் கட்டணமில்லா எண் உண்டு. அன்று மாலையே சேவை நின்றது. ஆனால் போன பணம்?

அதற்கு முதற்படி 198 என்ற எண்ணில் புகார் செய்வது. அப்போது தரப்படும் பதிவு எண்ணே பிற்பாடு நமக்குச் சாட்சி. அதனை நாளுடன் எழுதி வைக்கச் சொன்னோம்; அவர் தறியருகே தொங்கிய நாட்காட்டியிலேயே எழுதிவிட்டார். கட்டணப் புகாரை நான்கு வாரத்திற்குள் தீர்க்கவேண்டும் என்பது விதி. மூன்றாம் வாரத்தில் பதில் வந்தது: சேவையை அவரே கேட்டுப் பெற்றாராம்! அவர் மனம் தளர்ந்து விட்டுவிடலாம் என்றார். நாம் விடவில்லை. 2012-ஆம் ஆண்டு விதிகளின்படி ஒவ்வொரு நிறுவனமும் மேல்முறையீட்டு அதிகாரி ஒருவரை வைத்திருக்கவேண்டும். 30 நாட்களுக்குள் முறையிட வேண்டும், கட்டணம் கிடையாது, 39 நாட்களில் முடிவு சொல்லவேண்டும். சம்மதம் இருமுறை பெற்றதற்கு ஆதாரம் எங்கே என்ற ஒரே கேள்வியை எழுதி அனுப்பினோம். ஆதாரம் வரவில்லை, பணம் வந்தது.

பலர் நேராக ஒழுங்குமுறை ஆணையத்துக்கே எழுதுகின்றனர். அது தனியார் ஒருவரின் வழக்கைத் தீர்க்கும் மன்றமன்று, காலமே வீணாகும்.

மேல்முறையீடும் பலிக்காவிட்டால் நுகர்வோர் ஆணையம் உண்டு. இந்த வழி எளிதில் திறந்ததன்று. அகமதாபாத்தில் மாதம் சராசரி 555 ரூபாய் கட்டி வந்த ஒருவருக்கு, 2013 நவம்பர் 8 முதல் டிசம்பர் 7 வரையிலான காலத்திற்கு 24,609 ரூபாய் 51 காசு என்று வோடபோன் நிறுவனத்தின் பட்டியல் வந்தது. அவர் 2014-இல் மாவட்ட நுகர்வோர் மன்றத்தை அணுகினார். 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டப்படி மத்தியஸ்தரிடமே போகவேண்டும் என்று நிறுவனம் வாதாடியது. வழக்கு படிப்படியாக உச்ச நீதிமன்றம் சென்று, நுகர்வோர் மன்றத்திற்கு அதிகாரம் உண்டென 2022 பிப்ரவரி 16-இல் தீர்ப்பாயிற்று. பட்டியல் சரியா, தவறா என்பது அங்கே தீரவில்லை. வழக்காடும் இடம் எது என்பது மட்டுமே தீர்ந்தது. அவர் பட்ட சிரமத்தின் பயன் நமக்குக் கிடைத்திருக்கிறது.

2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்கிடலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை. செலுத்திய விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமும் இல்லை. குறை நேர்ந்த இரண்டு ஆண்டுகளுக்குள் போகவேண்டும். அதற்குமுன் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் ஆலோசனை கேட்பது நன்று.

கணக்குக் கேட்பதில் கூச்சம் எதற்கு? கணக்குக் காட்டாதவர் சபை உறுப்பினராக முடியாதென்று பராந்தக சோழன் காலத்திலேயே கல்லில் வெட்டிய உத்திரமேரூர் நம் மாவட்டத்தில்தானே இருக்கிறது! முன்பணக் கைபேசிக்கும் இனவாரிக் கணக்குக் கேட்டுப் பெறலாம்; அதற்கு 50 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது. ஆறு மாதத்திற்கு முந்தைய கணக்கு கிடைக்காதாகையால், சந்தேகம் தோன்றிய மாதத்திலேயே கேட்டுவிட வேண்டும். மனு எழுத இயலாதவர்க்கு வார்டு உறுப்பினர்கள் எழுதித் தரலாம். முன்சொன்ன நெசவாளரின் மேல்முறையீட்டு நகல் நம் அலுவலகத்தில் மாதிரியாக வைக்கப்பட்டிருக்கிறது.