பேக்கரி வைத்தால் ஓடுமா? – இந்த மாதப் பாடம்



போன மாதம் நம் கூட்டமைப்புக் கூட்டத்தில் இரண்டு குழுக்கள் பேக்கரி வைக்கக் கடன் கேட்டு மனு கொடுத்திருந்தன. அதில் ஒரு குழு கேட்டது ஐந்து லட்சம் ரூபாய். அதே சமயத்தில் நம் உறுப்பினர் ஒருவரின் மகள், கல்லூரியில் வணிகவியல் படிக்கிற பிள்ளை, "பேக்கரித் தொழில் எதனால் ஜெயிக்கிறது?" என்று ஒரு ஆய்வு எழுத வேண்டியிருந்தது. ஒருவர் மதிப்பெண்ணுக்குக் கேட்கிறார், இன்னொருவர் வீட்டுப் பத்திரத்தை மனதில் வைத்துக்கொண்டு கேட்கிறார். கேள்வி ஒன்றுதான். ஆகவே அந்தப் பிள்ளை கேட்டு எழுதி வந்ததையும், நமக்குத் தெரிந்ததையும் சேர்த்து இந்த மாதப் பாடமாகத் தருகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் சத்தமாகப் படிக்க, மற்றவர்கள் கேட்டுப் பேசுங்கள்.

முதலில் நம் ஊரைப் பார்ப்போம். வண்டலூர் – வாலாஜாபாத் ரோடும், சிங்கப்பெருமாள்கோவில் – ஸ்ரீபெரும்புதூர் ரோடும் சேருகிற ஒரகடம் கூட்டு ரோட்டில் விடியற்காலை நின்று பாருங்கள். கம்பெனி பஸ் ஒன்றன் பின் ஒன்றாக வரும். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. பிறகு ஒரகடத்தில் ரெனோ நிசான், டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு, அப்போலோ டயர் என்று வரிசையாக வந்தன. நாம் நாற்று நட்ட ஊரில் இன்று ஷிப்ட் நேரம்தான் கடிகாரம். டீக்கடை எல்லாவற்றிலும் கண்ணாடிப் பெட்டியில் பன், டீ கேக், ரஸ்க், தேங்காய் பன் இருக்கிறது. இதைப் பார்த்துத்தான் "நாமும் போட்டால் என்ன?" என்ற ஆசை வருகிறது. ஆசை தப்பில்லைங்க. ஆனால் கூட்டம் இருக்கிற இடமெல்லாம் வியாபாரம் இருக்கும் என்று சொல்ல முடியாது. கம்பெனிக்குள்ளேயே கேண்டீன் இருக்கிறது. நமக்குக் கிடைப்பது கேட்டுக்கு வெளியே, பஸ்ஸுக்குக் காத்திருக்கிற கொஞ்ச நேரப் பசிதான்.

அந்தப் பிள்ளை டீக்கடைக்காரர்களிடம் ஒரே கேள்வியைக் கேட்டார். "அண்ணா, யார்கிட்ட சரக்கு எடுக்கிறீங்க, ஏன் அவங்ககிட்ட?" ருசி என்ற பதில்தான் முதலில் வரும் என்று அவர் நினைத்திருந்தார். வந்த பதில் வேறு. "காலையில கடை தொறக்கறதுக்கு முன்னாடி வந்துடறாங்க." "விக்காததைத் திருப்பி எடுத்துக்கறாங்க." "ஒரு நாளும் நிறுத்தினதில்ல." ருசியை மூன்றாவதோ நான்காவதோதான் சொன்னார்கள். ருசி வேண்டாம் என்று இதற்கு அர்த்தம் எடுக்காதீர்கள். ருசி இல்லாத சரக்கை இரண்டாம் நாளே நிறுத்திவிடுவார்கள், அதனால் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

"திருப்பி எடுத்துக்கறாங்க" என்ற வார்த்தையில் கொஞ்சம் நிற்போம். பேக்கரித் தொழிலில் இதற்கு ரிட்டர்ன் என்று பெயர். பேக்கரியின் பிழைப்பே இதில்தான் இருக்கிறது என்பது நம் கருத்து. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விலை ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். கீழே உள்ளது புரிந்துகொள்வதற்கான கணக்கு மட்டுமே.

பத்து கிலோ மைதா 450 ரூபாய். சர்க்கரை இரண்டு கிலோ 90. கொழுப்பு 120. ஈஸ்ட் 40. உப்பு 5. ஆக 705. ஐந்தரை லிட்டர் தண்ணீர் சேர்த்துப் பிசைந்தால் பதினெட்டரை கிலோ மாவு வரும். பன்னுக்கு 60 கிராம் உருண்டை பிடித்தால், சிந்தியது, சிதறியது, கருகியது போக 300 பன். இதுவரை எல்லாரும் சரியாகவே கணக்குப் போடுகிறோம். இனிமேல்தான் விட்டுவிடுகிறோம். கவர் 120. கேஸ், கரண்ட் 200. கொண்டுபோய்ப் போட வண்டிப் பெட்ரோல் 100. வேலை செய்த இரண்டு பேருக்குக் கூலி 600. வாடகை, கடன் தவணை, மெஷின் ரிப்பேர் இவற்றில் ஒரு நாள் பங்கு 375. எல்லாம் கூட்டினால் 2,100 ரூபாய். ஒரு பன்னுக்கு அடக்கம் 7 ரூபாய்.

டீக்கடைக்கு 8 ரூபாய்க்குப் போடுகிறோம், கடைக்காரர் 10 ரூபாய்க்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முந்நூறும் விற்றால் 2,400 வரும். லாபம் 300. இப்போது 30 பன் ரிட்டர்ன் வந்தால்? 270 பன்னுக்கு 2,160. லாபம் 60 ரூபாய்தான். 40 பன் திரும்பினால் 2,080. இருபது ரூபாய் கையை விட்டுப் போகிறது! நூற்றுக்குப் பதின்மூன்று திரும்பினால் அன்றைக்கு நாம் சும்மா வேலை செய்தோம் என்று அர்த்தம். மழை பெய்தால் திரும்பும். கம்பெனி லீவு என்றால் திரும்பும். அடுத்த பேக்கரிக்காரர் அரை மணி முன்னால் வந்துவிட்டாலும் திரும்பும்.

இதே கணக்கில் நம் கூலியையும் வாடகை, தவணையையும் எழுதாமல் விட்டால் லாபம் 1,275 ரூபாய் என்று காட்டும். நம்மில் பல பேர் அப்படித்தான் எழுதுகிறோம். சொந்த வீட்டுத் திண்ணையில் செய்தாலும் அந்த இடத்துக்கு வாடகை எழுதுங்கள், மாமியாரும் மகளும் உருட்டிக் கொடுத்தாலும் கூலி எழுதுங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து, வியாபாரம் நடக்குது, கையில மட்டும் காசு நிக்கலையே என்று நீங்களே கேட்பீர்கள்.

ரிட்டர்னைக் குறைக்க வழி உண்டா? உண்டு. எந்தக் கடையில் எந்தக் கிழமை எத்தனை போகிறது என்று ஒரு நோட்டில் எழுதுவதுதான் அது. நாலு வாரம் எழுதினால் ஞாயிற்றுக்கிழமை எத்தனை குறைக்க வேண்டும், சம்பள வாரத்தில் எத்தனை கூட்ட வேண்டும் என்று நோட்டே சொல்லும். பொங்கல், தீபாவளிக்கு விடுதிப் பிள்ளைகளும் வடமாநிலத் தொழிலாளிகளும் ஊருக்குப் போய்விடுவார்கள். அந்த வாரம் அரை மாவு போதும். மீதமான பிரெட்டை ரஸ்க்காக்கலாம், ஆனால் அன்றே, நல்ல நிலையில் இருக்கும்போதே ஆக்க வேண்டும். பூஞ்சை பிடித்ததைச் சுரண்டிவிட்டு ரஸ்க் போடுகிற வேலை நமக்கு வேண்டாம்.

அடுத்து மாஸ்டர் விஷயம். பல பேக்கரிகள் மூடியது சரக்கு விற்காமல் அல்ல, மாஸ்டர் நின்றுபோனதால்தான். அளவு எல்லாம் அவர் கையில் இருக்கும், நோட்டில் இருக்காது. அவர் அதிக சம்பளத்துக்கு அடுத்த கடைக்குப் போய்விட்டால் ஓவன் இருக்கும், பன் இருக்காது. இதற்கு லிஜ்ஜத் அப்பளத்தைப் பாருங்கள். 1959 மார்ச் 15-ல் மும்பை கிர்காமில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி ஆரம்பித்தது அது. அங்கே மாவு ஒரே இடத்தில் ஒரே அளவில் பிசையப்படுகிறது. உறுப்பினர்கள் மாவை வீட்டுக்கு எடுத்துப்போய் அப்பளம் உருட்டிக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். சரிபார்த்துத்தான் வாங்குகிறார்கள். ஆயிரக்கணக்கான கைகள் உருட்டினாலும் ருசி ஒன்றாக இருப்பது இதனால்தான். நம் பேக்கரியிலும் அளவு குழுவின் சொத்தாக இருக்கட்டும். "ஒரு சொம்பு, ஒரு கை" என்று எழுதாமல் கிராமில் எழுதுங்கள். குறைந்தது மூன்று பேருக்காவது மாவு பிசையத் தெரிந்திருக்க வேண்டும்.

மாவுக்கும் நம் ஊர் வெயிலுக்கும் ஒத்துப்போக வேண்டும். ஈஸ்ட் உயிருள்ள பொருள். கத்திரி வெயிலில் மாவு சீக்கிரம் பொங்கிப் புளித்துவிடும், பன் அமுங்கும், சாராய வாடை அடிக்கும். அப்போது ஐஸ் போட்ட தண்ணீரில் பிசைய வேண்டும், ஈஸ்டைக் குறைக்க வேண்டும். மார்கழியில் அதே மாவு எழும்ப அதிக நேரம் எடுக்கும். காலை ஐந்து மணிக்குப் பன் வேண்டுமென்றால் எத்தனை மணிக்குப் பிசைவது என்பது மாதத்துக்கு மாதம் மாறும். நாம் நாற்று விட்ட அனுபவசாலிகள், இது நமக்குப் புரியாத விஷயமில்லை.

நம் நெடுஞ்சாலையில் "அய்யங்கார் பேக்கரி" என்ற போர்டு எத்தனை இருக்கிறது என்று அந்தப் பிள்ளை கேட்டார். எண்ணினால் கை வலிக்கும். 1898-ல் கர்நாடக மாநிலம் ஹாசன் பக்கத்திலிருந்து வந்த திருமலாச்சார் என்பவர் பெங்களூர் சிக்பேட்டையில் வைத்த கடையிலிருந்து இந்தப் பெயர் பரவியது என்று சொல்கிறார்கள். முட்டை சேர்க்காத கேக், காரம் போட்ட பன் என்று நம் வீட்டு நாக்குக்கு ஏற்றபடி மாற்றியதுதான் அவர்கள் கெட்டிக்காரத்தனம். தலச்சேரியில் மாம்பள்ளி பாப்பு 1883-ல் கிறிஸ்துமஸ் கேக் செய்த கதையும் இதுபோலத்தான். பிரவுன் என்ற வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி சீமையிலிருந்து கொண்டுவந்த கேக்கைக் காட்டி அதேபோல் கேட்க, பாப்பு உள்ளூர்ப் பழச் சாராயத்தைச் சேர்த்துச் செய்து அசத்தினாராம். போர்டை யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். கேழ்வரகு பிஸ்கட்டோ, முருங்கைக்கீரைக் காரமோ, நம் கை பழகிய ஒன்று நம்மிடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதைப் பன்னோடு சேர்த்துக் கடைக்கு அனுப்புங்கள். அது பன்னைவிட நாள் தாங்கும், ரிட்டர்னும் குறையும்.

சுத்தம் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் தொழிற்சாலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றின் சாப்பாட்டால் 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். பெண்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள், தொழிற்சாலையே சில வாரம் மூடிக் கிடந்தது. அவர்கள் நம் பிள்ளைகள் வயதுப் பெண்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் பெரிய குடியிருப்பு திறக்கப்பட்டது. அவர்களைப் போன்றவர்களுக்குத்தான் நாம் பன் விற்கப் போகிறோம். உணவு பாதுகாப்புத் துறையில் பதிவு செய்யாமல் ஓவனைப் பற்றவைக்காதீர்கள். கவரில் தயாரித்த தேதி, கெடும் தேதி, சேர்த்த பொருள் எல்லாம் இருக்க வேண்டும். பிரெட் பெரிதாக எழும்பப் போடுகிற பொட்டாசியம் புரோமேட் 2016-லேயே தடை செய்யப்பட்டது. கடையில் "இம்ப்ரூவர்" என்று பாக்கெட் கொடுத்தால் எழுத்துக் கூட்டியாவது படித்துவிட்டு வாங்குங்கள். டால்டா வகைகளில் டிரான்ஸ் கொழுப்பு நூற்றுக்கு இரண்டுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது 2022 ஜனவரி முதல் சட்டம்.

வரி விஷயம் சுருக்கமாக: சாதா பிரெட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. கேக், பிஸ்கட்டுக்கு 18 சதவீதம் இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகக் குறைந்தது.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பானது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கிய நோக்கியா செல்போன் தொழிற்சாலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானவர்கள், பாதிக்கு மேல் பெண்கள், வேலை இழந்தார்கள். ஒரு கேட்டை நம்பிக் கடை போட்டவர் அன்றைக்கு என்ன செய்திருப்பார் என்று யோசியுங்கள். ஆகவே ஒரே கம்பெனி வாசலை நம்பி ஐந்து லட்சம் வாங்க வேண்டாம் என்பது நம் யோசனை. படப்பை, சுங்குவார்சத்திரம், மணிமங்கலம் என்று ஊர்க் கடைகளையும், பள்ளிக்கூடம், பிறந்த நாள் ஆர்டரையும் சேர்த்து லைன் போடுங்கள்.

முதலில் பெரிய மெஷின் வேண்டுமா? எங்களைக் கேட்டால் வேண்டாம். மாவட்டத்தில் உள்ள கிராமிய சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனத்தில் பேக்கரிப் பயிற்சி எப்போது என்று கேளுங்கள். இரண்டு மூன்று பேர் போய்ப் படித்து வாருங்கள். பிறகு ஒரு மாதம், இருக்கிற பேக்கரியிலிருந்து மொத்தமாகச் சரக்கு வாங்கி நீங்களே டீக்கடைகளுக்குப் போட்டுப் பாருங்கள். லாபம் குறைவுதான். ஆனால் லைன் பிடிபடும், ரிட்டர்ன் எவ்வளவு என்று தெரியும், விடியற்காலை நாலு மணிக்கு யார் எழுந்து வருகிறார்கள், யார் வருவதில்லை என்பதும் தெரிந்துவிடும்!

மனு கொடுத்த இரண்டு குழுக்களும் அடுத்த கூட்டத்துக்கு வரும்போது இந்த நாலு விவரத்தைத் தீர்மான நோட்டில் எழுதிக் கொண்டுவர வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். எத்தனை கடை சரக்கு எடுக்கச் சம்மதித்திருக்கிறது. மாவு பிசையத் தெரிந்த உறுப்பினர்கள் யார் யார். கூலி, வாடகை சேர்த்து ஒரு பன்னின் அடக்கம் எவ்வளவு. ஒரு மாதம் விற்றுப் பார்த்ததில் நூற்றுக்கு எத்தனை திரும்பியது. கடன் தொகையைப் பற்றிப் பேச்சு அதற்குப் பிறகு.