லித்தியம் என்றாலே தீப்பிடிக்குமா?

கேள்வி: எங்கள் வீட்டு இன்வெர்ட்டரின் டியூபுலர் பேட்டரி ஓய்ந்துவிட்டது. மாடியில் சோலார் இருப்பதால் லித்தியம் பேட்டரி வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். ஸ்கூட்டர்கள் எரிந்த செய்திகளைப் பார்த்த என் மனைவி, அதை வீட்டுக்குள் விடவே கூடாது என்கிறார். சோடியம் பேட்டரி வரும்வரை காத்திருக்கலாமா?
- ஒரு வாசகர், தென்காசி

பதில்: உங்கள் மனைவியின் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் லித்தியம் பேட்டரிகளில் பல வகை உண்டு. உள்ளே நேர்மின்முனையில் என்ன பொருள் இருக்கிறது என்று கடைக்காரரிடம் கேளுங்கள். லித்தியம் இரும்பு பாஸ்பேட், அதாவது எல்.எஃப்.பி. என்றால் தாராளமாக வாங்கலாம்.

1991-ல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயன் பேட்டரியின் நேர்மின்முனை கோபால்ட் ஆக்ஸைடு. அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறினாலோ சூடானாலோ அது சிதைந்து ஆக்ஸிஜனை வெளிவிடும். பக்கத்திலேயே எரியக்கூடிய மின்பகு திரவம். தீ வளர வெளிக்காற்றுகூட வேண்டாம். நிக்கல் சேர்ந்த வகைகளுக்கும் இந்தக் குணம் உண்டு. பாஸ்பேட்டில் ஆக்ஸிஜன் பாஸ்பரஸோடு இறுகப் பிணைந்திருப்பதால் சூட்டிலும் எளிதில் பிரியாது. எரியவே எரியாது என்று சொல்ல மாட்டேன். திரவம் இதிலும் எரியக்கூடியதுதான். ஆனால் ஆபத்து வெகுவாகக் குறைகிறது.

பாஸ்பரஸோடு உள்ள இந்தப் பிணைப்பு இன்னொரு நன்மையும் செய்தது. இரும்பு மலிவு; ஆனால் வெறும் இரும்பு ஆக்ஸைடில் கிடைக்கும் வோல்டேஜ் போதாது. ஆக்ஸைடுக்குப் பதில் சல்பேட் போன்ற தொகுதிகளோடு சேர்த்தால் அதே இரும்பு கூடுதல் வோல்டேஜ் தரும் என்று 1980-களின் பிற்பகுதியில் காட்டியவர்கள் விஞ்ஞானிகள் ஜான் குட்இனஃபும் ஆறுமுகம் மந்திரமும். மந்திரம் மதுரையில் படித்து, சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம் பெற்றவர். 2019-ல் குட்இனஃபுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது, அவர் சார்பில் ஸ்டாக்ஹோமில் நோபல் உரை நிகழ்த்தியவரும் இவர்தான். இரும்பை இப்படித் தொகுதிகளோடு சேர்க்கும் சிந்தனையின் தொடர்ச்சியாக 1997-ல் ஆய்வாளர்கள் பாதி, நஞ்சுண்டசாமி, குட்இனஃப் மூவரும் வெளியிட்டதுதான் இரும்பு பாஸ்பேட். சுமார் 3.4 வோல்ட் தந்தது. மின்சாரத்தைக் கடத்துவதில் மட்டும் படுமோசம். துகள்களை மிகப் பொடியாக்கி, மேலே கரிப்பூச்சு ஏற்றிய பிறகே அது கடைக்கு வரத் தகுதி பெற்றது.

ஒரே அளவு மின்சாரத்தைச் சேமிக்க, நிக்கல் வகையைவிட எல்.எஃப்.பி.க்கு எடை அதிகம். சுவரோரம் நிற்கும் பெட்டிக்கு அது ஒரு குறையே இல்லை. உங்கள் பழைய பேட்டரியைப் பாதிக்கு மேல் தினமும் இறக்கினால் ஆயுள் சுருங்கும். எல்.எஃப்.பி.யில் முக்கால் பங்குக்கு மேல் இறக்கலாம். இரண்டாயிரம் முறைக்கு மேல் தாங்கும்.

சோடியம் ஆராய்ச்சி உண்மையாகவே முன்னேறியிருக்கிறது. லித்தியம் பேட்டரியின் எதிர்மின்முனையில் உள்ள கிராபைட்டில் சோடியம் சரியாகத் தங்காததால் கடினக் கார்பன் என்ற பொருளைப் பயன்படுத்துகிறார்கள். அந்த முனையில் செம்புத் தகட்டுக்குப் பதில் மலிவான அலுமினியம் போதும். சீனாவின் சிஏடிஎல் நிறுவனம் 2021-ல் அறிவித்த செல் கிலோவுக்கு 160 வாட்-மணி சேமித்தது. ஆனால் 2023-ல் லித்தியம் விலை இறங்கியபோது சோடியத்தின் விலை அனுகூலம் சுருங்கியது. சோடியத்துக்காக இருட்டில் உட்கார்ந்திருக்க வேண்டாம்.

வாங்கும்முன் உங்கள் இன்வெர்ட்டரில் லித்தியத்துக்கான சார்ஜிங் அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இன்வெர்ட்டரையும் மாற்ற வேண்டிவரும். அந்தச் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். பேட்டரியைக் கண்காணித்துக் காக்கும் மின்சுற்றான பிஎம்எஸ் இல்லாத பெட்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். மொட்டைமாடி வெயிலில் மட்டும் வைத்துவிடாதீர்கள். தென்காசியிலும் சித்திரை வெயில் பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும்.