கடல் நீர் குடிநீராகும் கதை



"கப்பல்ல கடல் தண்ணியையாடா குடிக்கிறாங்க?" என்று அம்மா கேட்டாங்க. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். பாடத்தை வீட்டில் சொன்னால் இப்படித்தான் கேள்வி வரும். அதற்கான பதிலே இக்கட்டுரை.

கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. குடிநீரிலோ அரை கிராமுக்குள் இருக்க வேண்டும். இதற்கு இரு வழிகள்.

1. ஆவியாக்குதல்: காற்றழுத்தத்தைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தால் தண்ணீர் சுமார் 46 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும். டீசல் எஞ்சினைக் குளிர்வித்து வரும் வெந்நீரே இதற்கு அடுப்பு. தனியாக எரிபொருள் வேண்டாம்.

2. எதிர் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.): கடல் நீரின் சவ்வூடு பரவல் அழுத்தம் சுமார் 27 பார். அதை மீறித் தள்ள, பம்ப் 55 முதல் 70 பார் வரை கொடுக்க வேண்டும். இதற்கு உதவும் மெம்பிரேனை 1960-ஐ ஒட்டி அமெரிக்காவில் உருவாக்கியவர்கள் சிட்னி லோபும், இந்தியாவில் பிறந்த சௌரிராஜனும். நமக்குப் பெருமைதானே!

இனி போர்க்கப்பலுக்கு வருவோம். அருகில் குண்டு வெடித்தாலும் முக்கிய இயந்திரங்கள் நிற்கக்கூடாது. இதற்காக அமெரிக்கக் கடற்படை வைத்திருக்கும் அதிர்ச்சிச் சோதனைத் தரத்தின் எண் 901. இலகுவான கருவியை ஒரு இரும்புத் தகட்டில் போல்ட் போட்டு இறுக்கி, 400 பவுண்டு (சுமார் 180 கிலோ) சம்மட்டியால் அந்தத் தகட்டை அடிப்பார்கள். 1, 3, 5 அடி உயரங்களிலிருந்து, மூன்று திசைகளில், மொத்தம் 9 தடவை! நடுத்தர எடைக்கு 3000 பவுண்டு சம்மட்டி. மிகப் பெரிய இயந்திரம் என்றால் மிதவையில் ஏற்றி, பக்கத்தில் தண்ணீருக்கடியில் வெடி வைப்பார்கள். 'ஏ' கிரேடு கருவி அதன் பிறகும் வேலை செய்ய வேண்டும். 'பி' கிரேடு வேலை செய்யாவிட்டாலும், உடைந்து யாருக்கும் ஆபத்தாகக் கூடாது. கப்பலின் ஓயாத நடுக்கத்துக்குத் தனிச் சோதனை உண்டு.

உலோகமும் முக்கியம். சாதா இரும்பைக் கடல் நீர் அரித்துவிடும். ஆகவே குப்ரோ நிக்கல், டைட்டானியம் போன்றவை பயன்படுகின்றன. உப்பு கூடினால் மின்கடத்துதிறன் கூடும். அதை அளக்கும் மீட்டர் சொன்னவுடன் வால்வு திரும்பி, கெட்ட தண்ணீர் தொட்டிக்குப் போகாமல் வெளியேறிவிடும்.

இதை நான் உணர்ந்தது புத்தகத்தில் அல்ல. எங்கள் செட் செய்த பம்ப் மாடல் லேபில் நன்றாகவே ஓடிச்சு. கண்காட்சிக்கு டெம்போவில் ஏற்றிப்போய் இறக்கினோம். ஸ்விட்ச் போட்டதும் கப்ளிங் உடைஞ்சு போச்சு. பார்த்தால், குலுங்கியதில் அடித்தளத்து நட்டு ஒன்று கழன்று, மோட்டார் நகர்ந்திருந்தது. ஸ்பிரிங் வாஷர் போடாதவன் நான்தான். நண்பர்கள் யாரும் திட்டவில்லை. அதுதான் இன்னும் வலிக்கிறது.

நமக்குப் போனது ஒரு பரிசு. நடுக்கடலில் அதே நட்டு கழன்றால் நூற்றுக்கணக்கான பேருக்குத் தண்ணீர் போகும். லேபில் ஓடினால் போதாது நண்பர்களே, குலுங்கிய பிறகும் ஓட வேண்டும்.

அம்மாவிடம் சொன்னேன்: "ஆமாம்மா, கடல் தண்ணிதான். ஆனா உப்பை எடுத்துட்டுத்தான் குடிக்கிறாங்க." அம்மா சிரிச்சாங்க. "அந்த மெஷினை நீ செஞ்சா, நட்டை ஒழுங்கா முடுக்குடா!"