சாங்தாங்கும் சிரு மானும்

இமயமலைக்கு வடக்கே, திபெத்தின் வடபாகத்தில், சாங்தாங் என்னும் மேட்டுநிலம் பரந்து கிடக்கின்றது. வடசமவெளி என்பது இச்சொல்லின் பொருள். சமவெளி எனப்படினும், அதன் பெரும்பகுதி கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 15,000 அடி உயரத்தில் உள்ளது. மரமும் பயிரும் அங்கே இல்லை. உப்பேரிகளும் குறும்புல்லும் கடுங்குளிர்க் காற்றுமே உள. 1993ஆம் ஆண்டில் ஏறக்குறைய 3 லட்சம் சதுர கிலோமீட்டர் நிலம், அதாவது தமிழ்நாட்டைப் போல் இருமடங்கிற்கும் மிகுதியான பரப்பு, வனவிலங்குக் காப்பகமாக்கப்பட்டது.

காட்டு யாக்கும், கியாங் என்னும் காட்டுக் கழுதையும், ஓநாயும், பழுப்புக் கரடியும் அங்கே வாழ்கின்றன. அவற்றுள் சிரு என்னும் விலங்கின் வரலாறு நாம் சிந்திக்கத்தக்கது. மான்போல் தோன்றினும் அஃது ஆட்டினத்திற்கே நெருங்கியது. ஆணுக்கு நேராக நிமிர்ந்த நீண்ட கொம்புகள் உண்டு, பெண்ணுக்கு இல்லை. கோடை வருமுன் பெண்கள் ஆண்களைப் பிரிந்து கூட்டங் கூட்டமாக வடக்கு நோக்கிச் செல்கின்றன. சில கூட்டங்கள் 300 கிலோமீட்டர் வரை நடந்து, புல்லருகிய பாழ்நிலத்தில் தலைக்கு ஒரு குட்டி ஈன்று, சில வாரங்களில் குட்டிகளுடன் திரும்புகின்றன.

குளிரைத் தாங்குமாறு இயற்கை அதற்களித்த மென்மயிரே அதற்குப் பகையாயிற்று. மோதிரத்தினூடே இழுக்கத்தக்க மெல்லிய ஷாதூஷ் சால்வைகள் அம்மயிரால் நெய்யப்படுவன. விலங்கு புதர்களில் உதிர்த்த மயிரைப் பொறுக்கியெடுப்பதாக வணிகர் கூறினர், வாங்கினோரும் நம்பினர். உண்மை வேறு. கொன்று உரித்தாலன்றி அம்மயிர் கிட்டாது. ஒரு சால்வைக்கு மூன்று முதல் ஐந்து உயிர்கள் வேண்டும். ஜார்ஜ் ஷாலர் என்னும் விலங்கியலறிஞர் நேரில் ஆராய்ந்து இதனை உலகறியச் செய்தார்.

பன்னாட்டு வணிகம் 1979 முதலே தடுக்கப்பட்டிருந்தும் வேட்டை ஓயவில்லை. 1994 ஜனவரியில், சாங்தாங்கிற்குக் கிழக்கே கேகசிலி என்னுமிடத்தில், கள்ள வேட்டைக்காரரைப் பிடித்துவந்த சோனம் தார்கியே என்னும் திபெத்திய அதிகாரி அவர்களாற் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன்பின் காவல் வலுத்தது. சால்வை நெய்யப்படும் காஷ்மீரத்திலும் 2002இல் சட்டம் இவ்விலங்கிற்கு முழுப் பாதுகாப்பளித்தது. தொகை மெல்லப் பெருகவே, 2016இல் சிரு அழியும் நிலையிலுள்ள விலங்குகளின் பட்டியலினின்று நீக்கப்பட்டு, அந்நிலையை அணுகுவனவற்றுள் வைக்கப்பட்டது.

மனிதர் அரிதிற் செல்லும் அந்நிலத்தைத் தொலைவு காக்கவில்லை. அவ்வுயிர்களை மாய்த்தது வேடனது துப்பாக்கி மட்டுமன்று. அவனைக் காணாத நகரத்தாரின் ஆசையுமாம். ஆதலின், ஒரு பொருளை வாங்குமுன் அஃது எங்ஙனம் வந்ததென வினவுதல் கற்றார்க்குரிய கடனென்று நாம் உணர்வோமாக.