80-ல் வந்தவர் நின்றுவிட்டார், 100-ல் வந்தவர்?

ஒரு சின்னக் கணக்கோடு ஆரம்பிக்கலாம்.

நான்கு வழிச்சாலையில் இரண்டு பைக்குகள் போகின்றன. ஒரே மாடல், ஒரே டயர், ஒரே பிரேக். ஒருவர் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் போகிறார். இன்னொருவர் 100-ல் வந்து அவரை ஓவர்டேக் செய்கிறார். இருவரும் சரியாகப் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் அந்த நொடியில், எதிரே ஒரு லாரி சாலையை அடைத்துக்கொண்டு நிற்பது இருவர் கண்ணிலும் படுகிறது. இருவரும் ஒரே நேரத்தில் பிரேக் பிடிக்கிறார்கள். 80-ல் வந்தவர் லாரியைத் தொட்டும் தொடாமலும் நின்றுவிடுகிறார். அப்படியானால் 100-ல் வந்தவர் எந்த வேகத்தில் போய் மோதுவார்?

எங்கள் ஹாஸ்டல் மெஸ்ஸில் இதைக் கேட்டுப் பார்த்தேன். "20 தான் மச்சி, வித்தியாசம் அவ்ளோதானே" என்றுதான் முதலில் பதில் வந்தது. கொஞ்சம் யோசித்தவர்கள் 30, 40 என்றார்கள். நீங்களும் ஒரு நம்பரை மனசுக்குள்ள வச்சுக்கோங்க. விடை கொஞ்ச நேரத்தில்.

இந்தக் கணக்கு எனக்கு எங்கே கிடைத்தது?

போன பொங்கல் லீவுக்கு நானும் என் ரூம்மேட்டும் சென்னையிலிருந்து பெரம்பலூருக்கு என் 150 சிசி பைக்கில் கிளம்பினோம். பஸ்ஸில் டிக்கெட் இல்லை, ரயிலில் கேட்கவே வேண்டாம். ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தாம்பரம் தாண்டினோம். திண்டிவனம், விழுப்புரம் எல்லாம் நல்லபடியாகப் போயிற்று. உளுந்தூர்பேட்டை தாண்டியதும் ரோடு காலி. விடியறதுக்குள்ள வீட்டுக்குப் போயிடணும் என்று 100-ல் பிடித்தேன்.

வேப்பூருக்கு முன்னால் ஓர் இடம். என் ஹெட்லைட் வெளிச்சத்தில் திடீரென்று கரும்புத் தோகை தெரிந்தது. ஒரு டிராக்டர், டிரெய்லர் நிறையக் கரும்போடு இடது லேனிலேயே நிற்கிறது. டெயில் லைட் இல்லை, ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர்கூட இல்லை. பிரேக்கை அழுத்தினேன். வண்டி நிற்கிற மாதிரியே தெரியவில்லை. கடைசி நொடியில் வலதுபக்கம் ஒடித்தேன். தோகை என் இடது தோளில் சரசரவென்று உரசியது. வலது லேனில் அந்த நேரத்தில் ஒரு ஆம்னி பஸ் வந்திருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்குக் கிடைத்திருக்காது.

அடுத்த டீக்கடையில் நிறுத்தினேன். ரூம்மேட் பத்து நிமிஷம் பேசவே இல்லை. டீ வந்த பிறகுதான் கேட்டான்: "டேய், நீ பிரேக் புடிச்சியா இல்லையா? எனக்குத் தெரியவே இல்லடா."

பிடித்தேன். ஆனால் அவன் கேட்டதும் நியாயம்தான். ஏன் என்று லீவு முடிந்து வந்து நோட்டில் போட்டுப் பார்த்தேன். பதினோராம் வகுப்பு இயற்பியலே போதும்.

நிற்பதற்கு எவ்வளவு தூரம் வேண்டும்?

நிற்கும் தூரத்துக்கு இரண்டு பகுதி உண்டு. கண் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கை லீவரை அழுத்தும்வரை வண்டி அதே வேகத்தில் ஓடும் தூரம் முதல் பகுதி. இதற்கு 1.5 விநாடி என்று வைத்துக்கொள்வோம். பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் இரண்டாவது பகுதி. இது வேகத்தின் வர்க்கத்தை எதிர்முடுக்கத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் கிடைக்கும். காய்ந்த ரோடு, நல்ல டயர், இரண்டு பிரேக்கும் சேர்த்துப் பிடிக்கிறோம் என்றால் எதிர்முடுக்கம் விநாடிக்கு விநாடி 6 மீட்டர் என எடுத்துக்கொள்ளலாம்.

60 கி.மீ. வேகத்தில்: 25 + 23 = 48 மீட்டர்
80 கி.மீ. வேகத்தில்: 33 + 41 = 74 மீட்டர்
100 கி.மீ. வேகத்தில்: 42 + 64 = 106 மீட்டர்

இப்போது நம்ம கேள்விக்கு வருவோம். 80-ல் வந்தவர் 74 மீட்டரில் நின்றுவிட்டார். 100-ல் வந்தவருக்கும் அதே 74 மீட்டர்தான் இருக்கிறது. அதில் 42 மீட்டர், பிரேக் பிடிப்பதற்கு முன்பே போய்விட்டது. மிச்சம் ஏறக்குறைய 33 மீட்டர். அதற்குள் அவரால் எவ்வளவு வேகத்தைக் குறைக்க முடியும்? தொடக்க வேகம் விநாடிக்கு 27.8 மீட்டர். அதன் வர்க்கம் 772. அதிலிருந்து 2 × 6 × 33, அதாவது 396-ஐக் கழித்தால் 376. வர்க்கமூலம் எடுத்தால் 19.4. மணிக்கு மாற்றினால் 70 கி.மீ.

ஆமாம், 20 இல்லை, 70! பக்கத்தில் வந்தவர் முழுசாக நின்றுவிட்ட அதே இடத்தில் இவர் 70 கி.மீ. வேகத்தில் மோதுகிறார். 19 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஆறு மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து கீழே விழுந்தால் தரையைத் தொடும் வேகம் இதுதான்.

காரணம் இரண்டு. வேகமாக வருபவர் பிரேக்கைத் தொடுவதற்குள் அதிக தூரத்தைத் தின்றுவிடுகிறார். அடுத்தது, பிரேக் அழிக்க வேண்டிய இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. 80-க்கும் 100-க்கும் வேகத்தில் 25 சதவீதம்தான் வித்தியாசம். ஆற்றலில் 56 சதவீதம்.

எனக்கு வேப்பூரில் நடந்ததும் இதேதான். பைக்கின் லோ பீமில் ஐம்பது அறுபது மீட்டர் தெரிந்தாலே பெரிய விஷயம். 100-ல் போகும்போது நிற்க 106 மீட்டர் வேண்டும். அதாவது, கண்ணுக்குத் தெரிந்த எதற்கும் என்னால் நின்றிருக்க முடியாது. நான் வண்டி ஓட்டவில்லை, முன்னால் எதுவும் இல்லை என்று பந்தயம் கட்டிக்கொண்டிருந்தேன்.

"என் வண்டில ஏபிஎஸ் இருக்கே" என்று ஒரு குரல் கேட்கிறது. 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு அது கட்டாயம், நல்ல விஷயம்தான். சக்கரம் லாக் ஆகிச் சறுக்காமல் அது காப்பாற்றும். ஆனால் முதல் 42 மீட்டருக்கு ஏபிஎஸ் எதுவும் செய்ய முடியாது. அப்போது நீங்கள் இன்னும் பிரேக்கையே தொடவில்லை.

அதே வர்க்கம், பெட்ரோல் டேங்கிலும்

உயிரைப் பற்றிச் சொன்னால் நம்ம பசங்க கேட்க மாட்டார்கள். பர்ஸைப் பற்றிப் பேசுவோம்.

சமதளத்தில் சீரான வேகத்தில் ஓடும் பைக் முக்கியமாக இரண்டு தடைகளை எதிர்த்துப் போராடுகிறது. டயர் உருளும்போது வரும் தடை ஏறக்குறைய மாறாதது. நம்ம பைக்குக்குச் சுமார் 40 நியூட்டன் என்று வைத்துக்கொள்ளலாம். காற்றுத்தடை அப்படியில்லை, அதுவும் வேகத்தின் வர்க்கம்தான். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுபவருக்குத் தோராயமாகக் கணக்குப் போட்டால் 60-ல் 96 நியூட்டன், 80-ல் 170, 100-ல் 266 வருகிறது.

இரண்டையும் கூட்டினால் 60-ல் 136, 80-ல் 210, 100-ல் 306 நியூட்டன். ஒரு கிலோமீட்டர் போகத் தேவையான ஆற்றல் இந்த விசைக்கு நேர்விகிதம். ஆக 80-லிருந்து 100-க்குப் போனால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சக்கரத்தில் 46 சதவீதம் கூடுதல் ஆற்றல் வேண்டும். எஞ்சினின் திறன் எல்லா வேகத்திலும் ஒன்றாக இருக்காது என்பதால் மைலேஜ் இதே விகிதத்தில் குறையும் என்று சொல்ல முடியாது. ஆனால் திசை இதுதான். அதனால்தான் விளம்பரத்தில் சொல்லும் மைலேஜ் ஹைவேயில் நமக்குக் கிடைப்பதில்லை.

நான் இதை டேங்க் ஃபுல் முறையில் சோதித்தும் பார்த்தேன். அந்தப் பொங்கல் பயணத்தில் போகும்போது லிட்டருக்கு 34 கி.மீ. கிடைத்தது. திரும்பி வரும்போது, பயத்தில் 75, 80 தாண்டவே இல்லை, 44 கிடைத்தது. அதே வண்டி, அதே இரண்டு பேர், அதே ரோடு. 270 கி.மீ. பயணத்தில் கிட்டத்தட்ட 1.8 லிட்டர் மிச்சம். நம்ம மெஸ் கணக்கில் இரண்டு நாள் சாப்பாடு!

அப்படி என்னதான் நேரம் மிச்சமாகிறது?

100 கி.மீ. தூரத்தை 60-ல் போனால் 100 நிமிடம் ஆகும். 80-ல் 75 நிமிடம். 100-ல் 60 நிமிடம். 120-ல் 50 நிமிடம். முதல் 20 கி.மீ. வேகத்தைக் கூட்டினால் 25 நிமிடம் லாபம், அடுத்த 20-க்கு 15 நிமிடம், அதற்கடுத்த 20-க்கு வெறும் 10 நிமிடம். லாபம் குறைந்துகொண்டே போகிறது, செலவோ வர்க்கத்தில் ஏறிக்கொண்டே போகிறது. ஒரு நிமிடத்தை மிச்சப்படுத்த ஆகும் ஆற்றலைக் கணக்கிட்டால், 60-லிருந்து 80-க்குப் போகும்போது ஆவதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் 80-லிருந்து 100-க்குப் போகும்போது ஆகிறது.

இதுவும் காகிதத்தில்தான். நிஜத்தில் டோல்கேட் நெரிசல், ஊர்ப் பிரிவுகள், டீக்கடை எல்லாம் இருக்கின்றன. திரும்பி வந்த பயணத்தில் எனக்கு 25 நிமிஷம்தான் கூட ஆனது. 100-ல் காற்றோடு மல்லுக்கட்டினால் கை, கழுத்து எல்லாம் வலித்து அடிக்கடி நிறுத்த வேண்டி வருகிறது என்பது ஒரு காரணம்.

ஒரு நாடே செய்து பார்த்த சோதனை

பெட்ரோலும் பாதுகாப்பும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை என்பதற்கு ஒரு பழைய உதாரணம். 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை போட்டதும் அமெரிக்காவில் பெட்ரோல் பங்குகளில் வரிசை நீண்டது. 1974 ஜனவரியில் அதிபர் நிக்சன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். நாடு முழுக்க அதிகபட்ச வேகம் 55 மைல், அதாவது ஏறக்குறைய 88 கி.மீ. நோக்கம் எரிபொருளை மிச்சப்படுத்துவதுதான். ஆனால் 1973-ல் சுமார் 54,000 ஆக இருந்த சாலை மரணங்கள் 1974-ல் சுமார் 45,000 ஆகக் குறைந்தன. தட்டுப்பாட்டால் வண்டிகள் ஓடிய தூரமும் குறைந்தது, எனவே முழுப் பெருமையையும் வேக வரம்புக்கே கொடுக்க முடியாது. ஆனாலும் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

நம்ம நாட்டில் 2022-ல் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். இதில் 70 சதவீதத்துக்கு மேற்பட்ட மரணங்களுக்கு மத்திய அரசின் அறிக்கை காட்டும் காரணம் அதிவேகம். இறந்தவர்களில் ஏறக்குறைய 44 சதவீதம் பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள்.

சரி, என்ன செய்யலாம்?

சீரான வேகம்: 70-க்கும் 80-க்கும் நடுவில் ஒரு வேகத்தில் செட் ஆகுங்க. முறுக்கி ஏத்தி, பிரேக் அடிச்சு, மறுபடி முறுக்கினால், ஒவ்வொரு பிரேக்கிலும் காசு கொடுத்து வாங்கின ஆற்றல் சூடாகிக் காற்றில் போகிறது. தூரத்தில் சிக்னலோ டோல்கேட்டோ தெரிந்தால் முன்கூட்டியே த்ராட்டிலை விட்டுவிடுங்க.

நியூட்ரலில் உருட்டாதீங்க: இறக்கத்தில் நியூட்ரல் போட்டால் பெட்ரோல் மிச்சம் என்பது கார்புரேட்டர் காலத்துக் கதை. இன்றைய எஃப்ஐ வண்டிகளில் பெரும்பாலும், கியரில் இருக்கும்போது த்ராட்டிலை முழுசாக விட்டால் பெட்ரோல் தெளிப்பது நின்றுவிடும். நியூட்ரலில்தான் ஐட்லிங்குக்குப் பெட்ரோல் செலவாகும். எஞ்சின் பிரேக்கிங்கும் போய்விடும்.

மூன்று விநாடி இடைவெளி: முன்னால் போகும் வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டியதும் மூன்று விநாடி எண்ணுங்க. அதற்குள் நீங்கள் அந்தக் கம்பத்தை அடைந்துவிட்டால் ரொம்ப நெருக்கத்தில் போகிறீர்கள். பஸ்ஸுக்குப் பின்னால் ஒட்டிப் போனால் காற்றுத்தடை குறையும் என்பது உண்மைதான். ஆனால் பஸ் டிரைவர் பிரேக் அடித்தால் உங்களுக்கு அந்த 1.5 விநாடி கிடைக்காது.

டயர் காற்று: காற்று குறைந்தால் உருளல் தடை கூடும், பிடிமானமும் கெடும். கிளம்பும் முன், டயர் சூடாவதற்குள் பாருங்க. எவ்வளவு அளவு என்பது வண்டியிலேயே ஸ்டிக்கரில் இருக்கும். பின்னால் ஆள் உட்கார்ந்தால் பின்டயர் அளவு வேறு.

ராத்திரியில் ஒரே விதி: வெளிச்சம் எட்டும் தூரத்துக்குள் நிற்க முடியாத வேகத்தில் போகாதீங்க. லோ பீமில் அது 60 தான். முடிந்தவரை விடிந்தபின் கிளம்புங்க.

ஹெல்மெட்டைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. பின்னால் உட்காருபவருக்கும் ஒன்று வேண்டும், அவ்வளவுதான்.

கடைசியாக ஒன்று. தீபாவளி லீவுக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. அன்றைக்கு நான் ஏன் 100-ல் போனேன் என்று யோசித்தால், ரோடு காலியாக இருந்தது மட்டும் காரணமில்லை. "அஞ்சு மணிக்கெல்லாம் வந்துடுவேம்மா" என்று கிளம்பும்போது போனில் சொல்லியிருந்தேன். அந்த அஞ்சு மணிதான் வழியெல்லாம் த்ராட்டிலை முறுக்கியது.

அதனால் இந்த முறை கிளம்பும்போது ஒரு மணி நேரம் தள்ளியே சொல்லுங்க. சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் வீட்டில் சந்தோஷப்படுவார்கள். லேட்டானாலும் யாரும் பதற மாட்டார்கள். டேங்க் ஃபுல் பண்ணி உங்க மைலேஜைக் குறித்துக்கொண்டு வாங்க. லீவு முடிந்து மெஸ்ஸில் உட்கார்ந்து எல்லோருடைய நம்பரையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதற்கு எல்லோரும் திரும்பி வந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.