உயர்நிலைக் கணக்கியல் நூலைத் தேர்வது எப்படி?

தில்லிக்கு வந்து வணிகவியல் பயிலும் நம் தமிழ் மாணவர்கள், வந்த முதல் மாதத்திலேயே மூத்தவர்களிடம் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "அண்ணா, உயர்நிலைக் கணக்கியலுக்கு எந்தப் புத்தகம் வாங்கலாம்?" ஒரு பெயரைச் சொல்லி அனுப்பிவிடுதல் எளிது. சுக்லா, கிரேவால், குப்தா ஆகிய மூவர் எழுதிய நூலும், குப்தாவும் இராதாசுவாமியும் சேர்ந்து எழுதிய நூலும் பல தலைமுறை மாணவர்களுக்குத் துணை நின்றவை. ஆயினும் பெயரை மட்டும் நம்பி நூல் வாங்குதல் கூடாது. ஒரே தலைப்புள்ள நூல் பதிப்புக்குப் பதிப்பு மாறுகிறது. சட்டம் மாற மாற, நேற்று சரியாயிருந்த பக்கம் இன்று பிழையாகிவிடுகிறது. ஆகவே நூலின் பெயரைக் கூறுவதினும், நூலைத் தேரும் முறையைக் கூறுவதே பயனுடையது என்று கருதுகிறேன்.

இந்நூல்கள் பெரும்பாலும் இரண்டு பாகமாக வருவன. வீட்டிலிருந்து வரும் மாதப் பணத்தில் கணிசமான பகுதியை விழுங்கிவிடுவன. பணத்தினும் பெரியது காலம். ஓராண்டு முழுதும் ஒரு நூலோடு பழகியவன் அந்நூல் நினைப்பது போலவே நினைக்கப் பழகிவிடுகிறான். நூல் நெட்டுருப் போடக் கற்பித்தால், தேர்வில் வினாவைச் சற்றே திருப்பிக் கேட்டாலும் பேனா நின்றுவிடும். நாளை தணிக்கை அலுவலகத்தில் அமரும்போதோ, பிறர் நம்பிப் பணம் போடும் கணக்கில் கைவைக்க வேண்டியிருக்கும். அங்கே நெட்டுரு உதவாது.

தொடக்கநிலைக் கணக்கியலில், எதைப் பற்று எழுதுவது, எதை வரவு வைப்பது என்று தெரிந்தால் பெரும்பாலும் போதும். உயர்நிலையிலோ ஒவ்வொரு பதிவுக்கும் பின்னால் ஒரு சட்டமோ, ஒப்பந்தமோ, தீர்ப்போ நிற்கிறது. ஆகவே நூலிடம் நாம் கேட்கவேண்டிய தலையாய கேள்வி, "ஏன் இப்படி எழுத வேண்டும் என்று நீ சொல்கிறாயா?" என்பதே. கடையில் நின்றபடியே கால் மணி நேரத்தில் இதைச் சோதித்துவிடலாம்.

முதற் சோதனை: கூட்டாளி ஒருவர் நொடித்துப்போன கணக்கு

கண்ணன், முருகன், வேலன் ஆகிய மூவர் இலாப நட்டத்தைச் சமமாகப் பகிர்ந்துகொள்ளும் கூட்டாளிகள் எனக் கொள்வோம். கண்ணனின் முதல் ரூ. 30,000, முருகனின் முதல் ரூ. 20,000, வேலனின் முதல் ரூ. 2,000. தொழிலைக் கலைத்துச் சொத்துகளை விற்றதில் ரூ. 18,000 நட்டம். ஆளுக்கு ரூ. 6,000. வேலன் கணக்கில் ரூ. 4,000 பற்று நிற்கிறது. அவனோ மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டான். ஒரு காசும் வராது. இந்த ரூ. 4,000 யார் தலையில் விழும்?

சமமாகப் பிரித்தால் ஆளுக்கு ரூ. 2,000. ஆனால், 1904ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைத் தொகுதியில் பதிவான 'கார்னர் எதிர் மர்ரே' என்னும் ஆங்கில வழக்கின் விதிப்படி, வேறு உடன்படிக்கை இல்லாதபோது, மற்ற இருவரும் தத்தம் முதலின் விகிதத்தில் அதனை ஏற்கவேண்டும். 3க்கு 2 என்ற கணக்கில் கண்ணனுக்கு ரூ. 2,400, முருகனுக்கு ரூ. 1,600. அதற்குமுன் இருவரும் தங்கள் நட்டப் பங்காகிய ரூ. 6,000ஐ ரொக்கமாகக் கொண்டுவர வேண்டும். முடிவில் கண்ணன் ரூ. 27,600உம், முருகன் ரூ. 18,400உம் பெறுவார்கள்.

இவ்வளவையும் எல்லா நூல்களும் போட்டுக் காட்டும். நல்ல நூல் மேலும் ஓரடி செல்லும். சமமாகப் பகிர்வதென்ற ஒப்பந்தம் தொழிலில் வந்த நட்டத்துக்கு உரியது. கூட்டாளி ஒருவன் தான் தரவேண்டியதைத் தராமற்போவது தொழில் நட்டமன்று. ஆதலால் அதற்கு வேறு விகிதம் என்று விளக்கும். இருவரும் தங்கள் நட்டத்தை ரொக்கமாக ஈடுசெய்வதால் அவர்களுடைய முதல்கள் முன்பிருந்த அளவிலேயே நிற்கின்றன, அந்த அளவிலிருந்தே 3க்கு 2 பிறக்கிறது என்றும் காட்டும். இக்காரணம் அச்சிடப்படாத நூலைத் திரும்ப அடுக்கில் வைத்துவிடலாம்.

இரண்டாம் சோதனை: சட்டம் இன்றையதா?

1956ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் இடத்தில் 2013ஆம் ஆண்டுச் சட்டம் வந்துவிட்டது. இதை முன்னுரையில் மட்டும் குறிப்பிட்டுவிட்டு, உள்ளே பழைய கணக்குகளை அப்படியே விட்டுவைக்கும் நூல்கள் உண்டு. அவற்றைக் கண்டுபிடிக்க இரண்டு இடங்களைப் புரட்டுக.

ஒன்று, பங்குகளை முகமதிப்புக்குக் குறைத்து வெளியிடும் பகுதி. பழைய சட்டத்தின் 79ஆம் பிரிவு இதனை நிபந்தனைகளோடு அனுமதித்தது. புதிய சட்டத்தின் 53ஆம் பிரிவு சில விலக்குகள் நீங்கலாக இதனைத் தடுத்துவிட்டது. தடையைக் கூறாமல் இதில் பத்துக் கணக்குகள் தரும் நூல், செத்த சட்டத்தைக் கற்பிக்கிறது.

மற்றொன்று, கம்பெனியின் ஐந்தொகை. இடப்புறம் பொறுப்புகள், வலப்புறம் சொத்துகள் என்று இரு பக்கமாக எழுதும் வழக்கம், 1-4-2011 முதல் தொடங்கும் நிதியாண்டுகளுக்கு நின்றுவிட்டது. அன்றுமுதல் மேலிருந்து கீழாக எழுதும் படிவமே உரியது. இப்போது அது 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் உள்ளது.

மூன்றாம் சோதனை: கம்பெனிகளின் இணைப்பு

இங்கே இரண்டு முறைகள் அருகருகே வழங்குகின்றன. பழைய கணக்கீட்டுத் தரம் 14, இணைப்பை ஒன்றுகலத்தல், வாங்குதல் என இருவகையாகப் பிரிக்கிறது. வாங்குதலில் எழும் நற்பெயரைப் பொதுவாக ஐந்தாண்டுக்குள் போக்கெழுதச் சொல்கிறது. 2015இல் அறிவிக்கப்பட்ட 'இண்ட் ஏ.எஸ்.' தரங்களில் 103ஆம் தரமோ, ஒரே கட்டுப்பாட்டில் உள்ள கம்பெனிகளின் இணைப்பு நீங்கலாக, வாங்கும் முறை ஒன்றையே ஏற்கிறது. அதன்படி நற்பெயரை ஆண்டுதோறும் போக்கெழுதுவதில்லை. ஆண்டுக்கொரு முறையேனும் அதன் மதிப்புக் குன்றியுள்ளதா என்று ஆராய வேண்டும். வங்கி, காப்பீடு முதலியன நீங்கலாக, ரூ. 500 கோடியும் அதற்கு மேலும் நிகர மதிப்புள்ள கம்பெனிகள் 1-4-2016 முதல் இப்புதிய தரங்களுக்கு உட்பட்டன. எந்தக் கம்பெனிக்கு எந்த முறை என்று தெளிவாகப் பிரித்துக் கூறாத நூல் மாணவனைக் குழப்பிவிடும்.

நான்காம் சோதனை: பயிற்சிக் கணக்குகள்

எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டா. ஒரே கணக்கைத் தொகை மாற்றி இருபது முறை தருவதில் பயனில்லை. முன்னுரிமைப் பங்குகளை மீட்கும் அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். ரூ. 10,00,000 மதிப்புள்ள பங்குகளை மீட்க, ரூ. 6,00,000க்குப் புதுப் பங்குகள் முகமதிப்பில் வெளியிடப்பட்டால், மீதி ரூ. 4,00,000ஐ இலாபத்திலிருந்து முதல் மீட்புக் காப்புக்கு மாற்ற வேண்டும். கடன் கொடுத்தோர் நம்பியிருந்த முதல் குறைந்துவிடக் கூடாதென்பதே காரணம். இதை நேராகக் கேட்பது முதற்படி. "இலாபம் இவ்வளவுதான் உண்டு, குறைந்தது எத்தனை புதுப் பங்குகள் வெளியிட வேண்டும்?" என்று திருப்பிக் கேட்பது அடுத்த படி. இத்தகைய படிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு விடை கொடுக்கப்பட்ட கணக்கொன்றைத் தாளில் போட்டு ஒப்பிடுங்கள். மூன்று கணக்கில் இரண்டு விடை தவறாக அச்சாகியிருந்தால், ஆண்டு முழுதும் உங்களையே ஐயுற்றுக்கொண்டிருப்பீர்கள்.

பழைய நூல் வாங்குவோர்க்கு ஒரு சொல். 2019இல் மகிளா ஹாட்டுக்கு இடம்மாறிய தரியாகஞ்சு ஞாயிற்றுச் சந்தையில் பழைய பதிப்புகள் மலிவாய்க் கிடைக்கும். அவற்றை வீணென்று தள்ள வேண்டா. கூட்டு வாணிபத்துக்கு உரியது இன்றும் 1932ஆம் ஆண்டுச் சட்டமே. ஆகவே அவ்வதிகாரங்கள் பெரும்பாலும் பழுதுபடவில்லை. கம்பெனிக் கணக்குகளுக்கு மட்டும் புதிய பதிப்பை நூலகத்தில் படித்துக்கொண்டால் கைப்பணம் மிஞ்சும்.

நமக்கென்று தனியாக ஒரு சோதனையும் உண்டு. நூலில் இரண்டு பக்கம் படித்துவிட்டு மூடுக. அதில் கண்ட பதிவை விடுதி நண்பனுக்குத் தமிழில் எடுத்துச் சொல்லுக: யார் கணக்கில் பற்று, யார் கணக்கில் வரவு, ஏன் என்று. ஆங்கிலச் சொற்றொடர்களை அப்படியே ஒப்பிப்பவன் புரியாமலும் ஒப்பிக்கலாம். தன் மொழியில் காரணம் சொல்ல வேண்டுமானால் புரிந்தே ஆக வேண்டும். சொல்ல முடிந்தால் அந்நூலுக்குப் பணம் கொடுக்கலாம். இரண்டு மூன்று இடங்களில் முயன்றும் சொல்ல வராவிட்டால், குறை உங்களுடையதென்று வருந்தாமல் அடுத்த நூலைக் கையில் எடுங்கள்.