எந்தக் கணினியை வாடகைக்கு எடுப்பது?

கேள்வி: அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பட்டறைகளுக்காக பில் போடும் மென்பொருள் ஒன்று எழுதியிருக்கிறேன். கிளவுடில் ஏற்றப் போனால் பலவகைக் கணினிகளைக் காட்டுகிறார்கள். எதைத் தேர்ந்தெடுக்கலாம்?
– ஒரு வாசகர், பருத்திப்பட்டு

பதில்: மாதந்தோறும் ஜி.எஸ்.டி. கணக்கு சமர்ப்பிக்கவேண்டிய 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் நெருங்குகையில் தங்கள் வாடிக்கையாளர் அனைவரும் ஒரே சமயத்தில் உள்ளே நுழைவார்கள் என்பதையும், மற்ற நாட்களில் பட்டறை மூடிய பிறகு கணினிக்கு யாதொரு வேலையும் இராது என்பதையும் மனத்திற்கொண்டால் விஷயம் பாதி தெளிந்துவிடும். இரவும் பகலும் விழித்திருக்கவேண்டிய தரவுத்தளத்துக்கு மெய்நிகர் கணினியே உசிதம். அமேசானின் டி3 மைக்ரோ என்னும் 1 ஜிபி நினைவகமுள்ள சிறு கணினி, சும்மா இருக்கையில் மணிக்கு 12 கிரெடிட் (முழுவேகத்தில் ஓடுவதற்கான வரவு) வீதம் சேமித்து, வேலை வந்தபோது செலவிடுகிறது. சேமிப்பு தீர்ந்த பின்னும் ஓயாமல் உழைக்கச் சொன்னால், தாங்கள் செய்துவைத்த அமைப்பைப் பொறுத்து வேகம் குன்றும், அல்லது கட்டணம் ஏறும். ஆதலால் நெருக்கடியான அந்தச் சில தினங்களை உத்தேசித்தே அளவைத் தீர்மானியுங்கள்.

பில்லை பிடிஎஃப் ஆக்குவது போன்ற க்ஷணநேரக் காரியங்களுக்கு, 2014-இல் அறிமுகமான அமேசானின் லாம்டா சேவை மிகவும் சௌகரியம். ஓடிய நேரத்துக்கே காசு, ஆனால் ஒரு தடவைக்கு 15 நிமிஷத்துக்கு மேல் ஓடாது. அமேசான் தன்னிடம் உபரியாக உள்ளவற்றை வாடகைக்கு விடும் ஸ்பாட் கணினிகள் வெகு மலிவு. எனினும் இரண்டே நிமிஷ முன்னறிவிப்பில் திரும்ப எடுத்துக்கொள்வார்களாகையால், பிறர் வரவு செலவை அங்கே வைப்பது பெரும் பிசகு. ஒன்று அல்லது மூன்று வருஷ ஒப்பந்தத்தில் தள்ளுபடி கணிசம்தான். சில மாத உபயோகத்தைப் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள்.

கணினி எந்த ஊரில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். மைக்ரோசாஃப்டின் தென்னிந்திய கிளவுட் மையம் 2015 முதல் சென்னையிலேயே இருக்கிறது. ஆனால் எல்லா ரகங்களும் எல்லா மையங்களிலும் கிடைப்பதில்லை, விசாரித்துக்கொள்ளுங்கள்.